பதினொரு சதகங்கள் எங்கே?

வரிசையாக அமைந்தவற்றுள் ஒன்று குறைந்தால், இருப்பவற்றை விட்டுவிட்டு இல்லாத ஒன்றையே மனம் தேடிச் செல்வது மனித இயல்பு. கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளீசு நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றினார் என்பர். அவற்றுள் முழுமையாக எஞ்சியவை ஏழு. அந்த ஏழையும் சுவைத்தவர் எஞ்சியவற்றை எண்ணிப் பெருமூச்சு விடாமல் இருப்பதில்லை. இக்கால இளைஞர்களும் இதற்கு விலக்கல்லர். ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 1993-ஆம் ஆண்டில் ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டது. அதன் இரண்டாம் பகுதி 1995-ஆம் ஆண்டை ஒட்டி ஏறக்குறைய முற்றுப்பெற்றும் வெளியிடப்படாமல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு புதிய விளையாட்டுக் கருவி ஒன்று வரவிருந்ததே அதற்குக் காரணம். அன்பர்கள் அதை மறக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் துருவித் துருவி விசாரித்துக்கொண்டே இருந்தனர். முடிவில் 2017-ஆம் ஆண்டில் அவ்விளையாட்டு வெளிவந்தது. நிறுத்தியவர் இன்னார், காரணம் இன்னது, மீண்ட ஆண்டு இன்னது என்று அங்கே அனைத்தையும் சொல்ல முடிகிறது.

இதனினும் பெரிய புதிர் ஒன்று நம்மவர் குடும்பம் குடும்பமாகச் சென்று வழிபடும் திருமலையில் இருக்கிறது. பம்பாயிலிருந்தோ, டில்லியிலிருந்தோ, பெங்களூரிலிருந்தோ சென்று, உண்டியலில் காணிக்கை செலுத்திவிட்டு வெளிவரும் பக்தர், அந்த உண்டியலுக்கு அருகிலேயே உள்ள ஒரு சிறிய கல்லறையைக் கவனியாமல் கடந்துவிடுகிறார். ‘சங்கீர்த்தன பண்டாரம்’ என்பது அதன் பெயர். பாடல்களைச் சேமித்து வைத்த களஞ்சியம் என்பது பொருள். பொன்னும் மணியும் குவிந்த கோயிலில் பாட்டுக்கென்றும் ஒரு கருவூலம் இருந்தது. அந்தக் கருவூலத்தில் வைக்கப்பட்டவை எத்தனை, இன்று இருப்பவை எத்தனை, இல்லாதவை எங்கே போயின என்பதே நாம் ஆராயப் புகும் செய்தி.

பாடல்களின் ஆசிரியர் தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியர். அன்னமய்யா என்று ஆந்திர மக்கள் அன்புடன் அழைப்பர். கடப்பைப் பகுதியில் ராஜம்பேட்டைக்கு அருகேயுள்ள தாள்ளப்பாக்கம் அவருடைய ஊர். அவர் 1408-ஆம் ஆண்டில் பிறந்து 1503-ஆம் ஆண்டில் மறைந்தார் என்று கொள்வது வழக்கம். இக்கணக்குக்குச் செப்பேடே ஆதாரம். சக ஆண்டு 1346-இல், அதாவது 1424-இல், தம் பதினாறாம் வயதில் வேங்கடவனின் காட்சி பெற்றுப் பாடத் தொடங்கினார் என்று அது கூறுகிறது. எழுபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே தெய்வத்தைப் பாடிய நாவு அது. ஆழ்வார்களின் பாசுரங்களில் அவர் தோய்ந்தவர் என்பதை அவருடைய பாடல்களே காட்டும். ஆதலால் தெலுங்கில் பாடிய அவரைத் தமிழர் அயலாராக எண்ணுவதற்கில்லை.

அவர் இயற்றியவை எவை? இதற்கு விடை தருவது அவருடைய பேரர் சின்னன்னா என்னும் திருவேங்கடநாதர் ‘த்விபதை’ யாப்பில் எழுதிய ‘அன்னமாசார்ய சரித்திரமு’ என்னும் நூல். சங்கீர்த்தனங்கள் முப்பத்திரண்டாயிரம், த்விபதை யாப்பில் ஓர் இராமாயணம், வடமொழியில் வேங்கடாசல மாகாத்மியம், சிருங்கார மஞ்சரி, இவற்றோடு பன்னிரண்டு சதகங்கள். சதகம் என்பது நூறு பாடல் கொண்ட நூல் என்பதைத் தமிழர் அறிவர். இந்தப் பன்னிரண்டில் இன்று நம் கையில் இருப்பது வேங்கடேசுவர சதகம் ஒன்றே. பதினொன்று இல்லை. இராமாயணமும் இல்லை. சங்கீர்த்தனங்களில் கிடைத்திருப்பவை ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் முதல் பதினாலாயிரம் வரை என்று பலவாறு கணக்கிடுகின்றனர். அவற்றுள்ளும் மகன் பெத்த திருமலாசாரியர், பேரர் சின்ன திருமலாசாரியர் ஆகியோர் இயற்றியவை கலந்துள்ளன.

பாடல்களைச் செம்பில் வெட்டுவித்த பெருமை மகன் பெத்த திருமலாசாரியரைச் சாரும். பனையோலையைச் செல்லரிக்கும், தீ எரிக்கும், ஈரம் அழிக்கும். செம்பு அவ்வாறன்று. அரசர் அளிக்கும் நிலக்கொடைகளைச் செப்பேட்டில் பொறிப்பது நாடெங்கும் இருந்த வழக்கம். பாட்டையும் நிலக்கொடைக்கு நிகரான சொத்தாக மதித்து அவர் செம்பில் ஏற்றினார். ஒரு தகட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றாகப் பெரும்பாலும் ஆறு பாடல்கள் இருக்கும். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தகடுகள் கிடைத்துள்ளன. முப்பத்திரண்டாயிரம் பாடல்களையும் இவ்வாறு பொறிப்பதென்றால் ஐயாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட தகடுகள் வேண்டும். இருப்பவை அதில் பாதிக்கும் குறைவு என்பதைச் சிறு பிள்ளையும் கணக்கிட்டுச் சொல்லிவிடும்.

இந்த இடைவெளியை நிரப்பக் கதைகள் பல எழுந்தன. பாடல்களை வெறுத்த யாரோ சிலர் அவற்றைக் கல்லறையில் இட்டுச் சுவர் எழுப்பி மூடினர் என்பர் ஒரு சாரார். அரசனின் சினத்துக்கு ஆளாகி நிறுத்தப்பட்டன என்பர் மற்றொரு சாரார். இரண்டாவது கதைக்கு ஒரு வேர் உண்டு. சாளுவ நரசிம்மன் தன்னைப் பற்றியும் ஒரு பதம் பாடுமாறு கேட்டான் என்றும், ஹரியைப் பாடும் நாவால் மனிதனைப் பாடேன் என்று மறுத்த அன்னமய்யாவை விலங்கிட்டான் என்றும், விலங்கு தானே அறுந்து வீழ்ந்தது என்றும் பேரரின் சரித்திர நூல் கூறுகிறது. ஆனால் அந்நூலே மன்னன் பணிந்ததையும் கூறுகிறது. மேலும், அச்சுதராயர், சதாசிவராயர் காலங்களில் தாள்ளப்பாக்கம் குடும்பத்தார் திருமலைக்கும் திருப்பதிக்கும் வழங்கிய அறக்கட்டளைகளைக் கோயில் கல்வெட்டுக்கள் வரிசையாகத் தெரிவிக்கின்றன. அரச வெறுப்புக்கு ஆளான குடும்பம் அவ்வளவு பொருளை அறத்துக்கு ஈந்திருக்க இயலாது. செம்பில் பாட்டு வெட்டும் வேலையே அந்தச் செல்வத்தால் நடைபெற்றதுதான்.

சுவர் எழுப்பி மறைத்தார்கள் என்னும் முதற் கதைக்கு மறுப்பு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கிறது. சென்னைக் கோட்டைக் கல்லூரியோடு தொடர்புடைய ஏ. டி. காம்பெல் என்னும் ஆங்கில அதிகாரி எழுதிய தெலுங்கு இலக்கண நூல் 1816-ஆம் ஆண்டில் முதற்பதிப்புக் கண்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன வடமொழிக் கிளைகள் அல்ல, தனிக்குடும்பம் என்று எல்லிஸ் துரை முதன்முதலாக நிறுவிய கட்டுரை இந்நூலின் முகப்பில்தான் அச்சாயிற்று. திருக்குறளுக்கு உரைகண்ட அதே எல்லிஸ்தான். காம்பெல் தம் முன்னுரையில் ஒரு தேடலைக் குறிப்பிடுகிறார். திருப்பதி மலையில் செப்புத் தகடுகளில் பல பாடல்கள் பொறிக்கப்பட்டுக் கிடக்கின்றன என்று அவர் காதில் ஒரு செய்தி விழுந்தது. அதை நம்பி விசாரித்தார். பார்வையிட்டபோது ஓர் இலக்கண நூல் நீங்கலாக அவற்றில் வேறு வகை நூல் எதுவும் இல்லை. இறைவனைப் போற்றும் துதிப்பாடல்களே ஏராளமாக இருந்தன. அவர் அத்துடன் விட்டுவிட்டார்.

இச்செய்தியை நாம் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். 1816-இல் தகடுகள் இருப்பது தெரிந்திருந்தது. அவை பாடல்கள் என்பதும் தெரிந்திருந்தது. அது அச்சிலும் ஏறிவிட்டது. எனினும் அப்பாடல்களை அச்சிட வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கும் தோன்ற நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இலக்கணம் எழுதியவருக்குத் துதிப்பாட்டு பொருட்டாகத் தோன்றவில்லை. துதிப்பாட்டைத் தேடுவோர் அப்போது யாரும் இல்லை.

அந்த நூறு ஆண்டுகளில் கோயில் யார் கையில் இருந்தது என்பதையும் பார்ப்போம். விஜயநகரம் 1565-ஆம் ஆண்டுப் போரில் நொறுங்கியது. அதன்பின் சந்திரகிரிக் கோட்டையில் சில காலம் அரசிருக்கை இருந்தபோதிலும் பழைய செல்வாக்கு மீளவில்லை. கோயிலின் வருவாய் பிற்காலத்தில் ஆர்க்காட்டு நவாபுகளின் கைக்கும், 1801-ஆம் ஆண்டில் கம்பெனியாரின் கைக்கும் சென்றது. வடார்க்காடு ஜில்லாவின் தலைமையிடம் அக்காலத்தில் சித்தூர். அங்கிருந்த கலெக்டரின் மேற்பார்வையில் திருமலைக் கோயில் இருந்தது. 1803-இல் கலெக்டர் ஸ்டிராட்டன் கோயிலைப் பற்றி அனுப்பிய அறிக்கையும், 1821-இல் வகுக்கப்பட்ட ‘புரூஸ் கோடு’ என்னும் விதித் தொகுப்பும் கம்பெனியாரின் நிருவாகத்துக்குச் சான்றுகள். பூசைக்குச் செலவு எவ்வளவு, காணிக்கை வரவு எவ்வளவு, யாருக்கு என்ன உரிமை என்பனவே அந்த நிருவாகத்தின் கவலை. 1843-ஆம் ஆண்டில் கம்பெனியார் கோயில் பொறுப்பை ஹாத்திராம்ஜி மடத்து மகந்துக்களிடம் ஒப்படைத்தனர். 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1933-இல் தேவஸ்தானக் குழு அமைந்தது. இத்தனை கை மாறியும் செப்பேடுகள் அங்கேயே கிடந்தன. அவற்றால் வரவும் இல்லை. அவற்றுக்குச் செலவும் இல்லை. கணக்கில் ஏறாத பொருள் கண்ணில் படுவதில்லை.

1922-ஆம் ஆண்டை ஒட்டிச் செப்பேடுகள் மீண்டும் அறிஞர் கவனத்துக்கு வந்தன. தேவஸ்தானத்தின் கல்வெட்டு ஆராய்ச்சியில் பெரும்பணி ஆற்றிய சாது சுப்பிரமணிய சாஸ்திரி இவற்றின் அருமையை எடுத்துரைத்தார். 1930-களில் தொகுதிகள் அச்சாகத் தொடங்கின. பின்னர் வேட்டூரி பிரபாகர சாஸ்திரியும், ராள்ளப்பள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவும் இப்பணியைத் தொடர்ந்தனர். பேரர் எழுதிய சரித்திர நூலை 1940-களின் இறுதியில் பிரபாகர சாஸ்திரி பதிப்பித்தபோதுதான், என்னென்ன இருந்தன என்னும் பட்டியல் பலர் கைக்கும் எட்டியது. அதாவது, செப்பேடுகள் மீண்ட பின்னரே, மீளாதவை எவை என்பதை நாடு அறிந்தது.

இல்லாத தகடுகள் என்ன ஆயின? செம்புக்காக உருக்கப்பட்டிருக்கலாம் என்பது பலரும் கூறும் ஊகம். செம்புக்கு எக்காலத்திலும் விலை உண்டு. எழுத்து அறியாதவனுக்கு அது பாத்திரம் வார்க்கும் உலோகமே. இவ்வூகம் பொருந்தக் கூடியது, ஆயினும் ஊகமே. முப்பத்திரண்டாயிரமும் செம்பில் ஏறியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரிய நூல்கள் ஓலையிலேயே நின்று ஓலையோடு மறைந்திருக்கவும் கூடும். முப்பத்திரண்டாயிரம் என்னும் எண்ணிக்கையையும் நாம் எச்சரிக்கையுடன் கொள்ளல் தகும். முன்னோரைப் போற்றும் பரம்பரை பேரெண்களை விரும்பும். புரந்தரதாசர் நான்கு லட்சத்து எழுபத்தையாயிரம் பாடல்கள் பாடினார் என்பது கன்னட நாட்டு மரபு. கிடைப்பவை ஆயிரம் அளவினவே.

நம் தேவாரத்தின் கதையும் இத்தகையதே. ஞானசம்பந்தர் பதினாறாயிரம், அப்பர் நாற்பத்தொன்பதாயிரம், சுந்தரர் முப்பத்தெட்டாயிரம் என்று மூவருமாக ஒரு லட்சத்து மூவாயிரம் பதிகங்கள் பாடினர் என்பது மரபு. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையை அரசனும் நம்பியாண்டார் நம்பியும் திறப்பித்தபோது புற்று மூடி ஓலைகள் அழிந்திருந்தன என்றும், எஞ்சியவற்றைத் தொகுத்தனர் என்றும் திருமுறைகண்ட புராணம் பேசும். இன்று நாம் ஓதும் தேவாரப் பதிகங்கள் எண்ணூறுக்கும் சற்றுக் குறைவு. அங்கும் பூட்டிய அறை. இங்கும் பூட்டிய அறை. அங்கு ஓலை, இங்குச் செம்பு. ஓலை அழிந்தது வியப்பன்று. செம்பில் வெட்டியும் பாதிக்கு மேல் கிட்டவில்லை என்பதே நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அதைவிட ஆழமான இழப்பு, கிடைத்த தகடுகளிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பாடலுக்கும் ராகத்தின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சாமந்தம், தேசாட்சி, கொண்டமலஹரி என்று இன்று மேடையில் கேட்பதற்கு அரியனவும் அவற்றுள் உண்டு. ஆனால் அப்பாடல்கள் பாடப்பட்ட மெட்டுக்கள் சுரப்படுத்திப் பொறிக்கப்படவில்லை. அன்று அதற்குத் தேவையும் இருக்கவில்லை. தந்தை பாடக் கேட்டு மகன் பாடினான். மகன் பாடக் கேட்டுப் பேரன் பாடினான். மெட்டு தொண்டையிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து தொண்டைக்கும் சென்றது. அந்தச் சங்கிலி எங்கோ ஓரிடத்தில் அறுந்தது. செம்பு சொல்லைக் காத்தது, இசையைக் காக்கவில்லை. இன்று நாம் கேட்டு உருகும் அன்னமய்யா கீர்த்தனைகளின் மெட்டுக்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் அமைந்தவை. அனந்தகிருஷ்ண சர்மா நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசை வகுத்தார். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, பாலமுரளிகிருஷ்ணா முதலியோரும் இத்தொண்டில் ஈடுபட்டனர். 1978-இல் தேவஸ்தானம் அன்னமாசாரியத் திட்டத்தைத் தொடங்கியது. அதையொட்டி எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய ‘பாலாஜி பஞ்சரத்னமாலை’ இசைத்தட்டுக்கள் இப்பாடல்களை மொழி கடந்து வீடுதோறும் கொண்டு சென்றன. தேவாரத்துக்கும் இதே நிலை நேர்ந்தது என்பதை மறவாதிருப்போம். ஏடு கிடைத்த பின்னும் பண் தெரியாது நின்றனர். எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுத்தனர் என்பது புராணச் செய்தி.

இழப்புக் கணக்கிலும் ஆறுதல் தரும் வரவு ஒன்று உண்டு. அன்னமாசாரியர் சங்கீர்த்தனங்களின் இலக்கணத்தை வடமொழியில் ‘சங்கீர்த்தன லட்சணம்’ என்று ஒரு நூலாக எழுதினார். மூலம் மறைந்துவிட்டது. ஆயினும் பேரர் சின்ன திருமலாசாரியர் அதைத் தெலுங்கில் ஆக்கி வைத்தார். அது நிலைத்தது. மூலம் போன பின்னும் அதன் கருத்து இன்று நமக்குக் கிடைப்பது அந்த மொழிபெயர்ப்பாலேயே. மொழிபெயர்ப்பு மூலத்தின் நிழல் என்று எளிதாகச் சொல்வார் உண்டு. மரம் வீழ்ந்த பின்னும் நிழல் நின்ற அதிசயத்தை இங்கே காண்கிறோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட என்போன்றோர்க்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி இருப்பதை நேயர்கள் பொறுத்தருள்வார்களாக.

ஆகவே, பதினொரு சதகங்கள் எங்கே என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை துப்பறியும் கதையைப் போல் விறுவிறுப்பானதன்று. நிண்டெண்டோ நிறுவனத்தின் விளையாட்டுக்கு நிறுத்தும் ஆணை ஒன்று இருந்தது. ஆணை இட்டவர் பொருளைப் பத்திரமாகவும் வைத்திருந்தார். கேட்டுக்கொண்டே இருக்க அன்பர்களும் இருந்தனர். ஆகையால் இருபத்திரண்டு ஆண்டுகளில் அது மீண்டது. அன்னமய்யாவின் நூல்களை நிறுத்தச் சொன்னவர் என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை. ஆதரித்த அரசு வீழ்ந்தது, பாடிய குடும்பத்தின் செல்வாக்குக் குன்றியது, கேட்பவர் குறைந்தனர். பிறகு, எல்லோரும் அறியும்படியாகவே அவை மறக்கப்பட்டன. பகைவன் ஒளித்து வைத்த பொருளையாவது ஒரு நாள் தேடி எடுக்கலாம். ஒருவரும் கேட்காமல் விட்ட பொருள் காணாமற் போன நாளே யாருக்கும் தெரிவதில்லை.

இன்று திருப்பதி தனி மாவட்டம். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் சித்தூரிலிருந்து பிரிந்தது. நிருவாக எல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருக்கும். வேங்கடம் தமிழகத்தின் வட எல்லை என்று பழைய நூல்கள் வகுத்தன. அந்த எல்லைக்கு அப்பால் நெடுந்தொலைவு சென்று வாழும் நமக்கு இச்சரித்திரம் ஒரு செய்தியைக் கூறுகிறது. பிறமாநிலத்தில் குடியேறிய தமிழர் வீட்டு அலமாரியில் திருக்குறளும், திவ்வியப் பிரபந்தமும், தேவாரமும் இருக்கின்றன. தாயகத்திலிருந்து ஆசையோடு வாங்கி வந்தவை அவை. நல்ல காகிதம், நல்ல கட்டடம். ஆனால் அவற்றைப் பிள்ளைகள் செவியில் விழும்படி வாய்விட்டு ஓதுகிறோமா? பள்ளியில் வேறு மொழி, தெருவில் வேறு மொழி என்றிருக்கும் குழந்தைக்குத் தமிழ் எழுத்து பின்னர் வரலாம். ஓசை இப்போதே வரவேண்டும். தாலாட்டாக, விளக்கேற்றும் வேளைத் துதியாக, பாட்டி சொல்லும் விடுகதையாக அது வரவேண்டும். செம்பில் வெட்டி வைத்தவர்களுக்கே மெட்டைக் காக்க முடியவில்லையெனில், காகிதத்தில் அடுக்கி வைத்திருக்கும் நாம் எம்மாத்திரம்?

அடுத்த முறை திருமலைக்குச் செல்லும் நேயர்கள், உண்டியலைக் கடந்தபின் ஒரு கணம் நின்று சங்கீர்த்தன பண்டாரத்தைக் காண்பார்களாக. வாயிலில் அன்னமய்யாவும் அவர் மகனும் கல்லில் செதுக்கப்பெற்று நிற்கின்றனர். அறை இன்று காலி; தகடுகள் திருப்பதியில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. உடன் வந்த பிள்ளைகளுக்கு அந்த இருவரும் இன்னார் என்று தமிழில் சொல்லி, அவர்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டை அங்கேயே பாடச் செய்வது நன்று.